ஜென் தியானம்: புதிதாக உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஜென் ஆசிரியர் இல்லை. பல வருடங்களாகத் தினமும் காலையில் உட்கார்ந்து வருகிறவன். தொடங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். படித்து முடித்த கையோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்றால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை.

ஜென் என்றால் தியானம்தானா, வேறு ஏதாவதா?

சொல்லளவில் தியானமேதான். சமஸ்கிருத ‘த்யான’ சீனாவுக்குப் போய் ‘சான்’ ஆனது. அங்கிருந்து கொரியாவில் ‘சோன்’, வியட்நாமில் ‘தியென்’, ஜப்பானில் ‘ஜென்’. ‘ஜென் தியானம்’ என்னும்போது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம்.

நடைமுறையில் இது மகாயான பௌத்தத்தின் ஒரு மரபு. உட்காருவதைத்தான் அது நடுவில் வைத்திருக்கிறது. அந்த உட்காருதலுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஜாஜென்’ என்று பெயர். ‘ஜா’ என்றால் உட்காருதல். ஒரு உருவத்தையோ ஒளியையோ மனதில் வரவழைப்பது இதில் கிடையாது. முதுகை நேராக வைத்து, மூச்சோடு இருந்து, இருக்கிற இடத்தில் இருப்பதுதான் பயிற்சி. கேட்க எளிதாகத் தோன்றும். உட்கார்ந்தால்தான் அதன் ஆழம் புரியும்.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்பது உண்மையா?

ஜென்னைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் என்று மரபு சொல்வது போதிதர்மரைத்தான். தமிழ் பேசுகிறவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. பழைய சீனக் குறிப்புகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய யாங் சுவான்ஸி அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். போதிதர்மரின் போதனை என்று சொல்லப்படும் நூலுக்குத் தான்லின் எழுதிய முன்னுரை, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சிபுரம், பல்லவர் என்ற பெயர்கள் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பதும் மரபுக்கதை. ஆனால் அந்தக் கதை எதை மதிக்கிறது என்று பாருங்கள்: அவர் பேசியதை விட, உட்கார்ந்ததை.

தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். ஜென் மடங்களில் ‘ஜாஃபு’ என்ற உருண்டையான, கெட்டியான மெத்தையில் உட்காருவார்கள். அதற்கு அடியில் முழங்காலுக்காக ஒரு தட்டை மெத்தை விரித்திருக்கும். வீட்டில் அடியில் ஒரு போர்வை, அதன்மேல் இறுக்கமாகச் சுருட்டிய இன்னொரு போர்வை போதும். தலையணை வேண்டாம், ஐந்து நிமிடத்தில் அமுங்கிவிடும்.

முக்கியமானது உயரம். இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்க வேண்டும். மெத்தையின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். அப்போது இடுப்பு லேசாக முன்னால் சாயும், முழங்கால் இரண்டும் தானாகத் தரையைத் தொடும். உட்காரும் இடம் ஒன்று, முழங்கால் இரண்டு என்று மூன்று புள்ளிகளில் உடம்பு நிற்கும். ஒரு முழங்கால் அந்தரத்தில் தொங்கினால் அதற்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். இன்னும் தொங்கினால் உயரத்தைக் கூட்டுங்கள்.

பத்மாசனம் போட வராது. பரவாயில்லையா?

தாராளமாகப் பரவாயில்லை. முழு பத்மாசனம், ஒரு பாதத்தை மட்டும் எதிர்த் தொடைமேல் வைக்கும் அரைப் பத்மாசனம், இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாகத் தரையிலேயே வைக்கும் பர்மிய முறை, மண்டியிட்டு உட்காரும் ‘செய்சா’, சாதாரண நாற்காலி, எல்லாமே ஜாஜென்தான். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது பர்மிய முறை அல்லது நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகைச் சாய்க்காமல் முன்பக்கமாக உட்காருங்கள், பாதங்கள் தரையில் முழுதாகப் பதியட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தொடங்கிய புதிதில் ஒரு குழுவோடு உட்காரப் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அரைப் பத்மாசனத்தில் இருந்தார்கள் என்று நானும் காலை இழுத்து வைத்தேன். முழங்காலின் உள்பக்கம் ஊசி குத்துவது போல வலித்தது. வலியைத் தாண்டுவதுதான் பயிற்சி என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் இரண்டு மாதம் படி இறங்கும்போதெல்லாம் வலி. கால் மரத்துப்போவது வேறு, அது எழுந்தால் சரியாகிவிடும். முழங்கால் மூட்டுக்குள் கூர்மையாக வலித்தால் அது உடம்பு தரும் எச்சரிக்கை. உடனே மாற்றி உட்காருங்கள். இடுப்பு மூட்டு இளகாதவர்கள் காலை மடக்கும்போது அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில்தான் விழுகிறது.

முதுகு, கை, கண் எல்லாம் எப்படி இருக்க வேண்டும்?

ஜப்பானில் சோட்டோ என்ற ஜென் மரபைத் தொடங்கிய டோகென் (1200–1253) இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். 1223ல் சீனாவுக்குப் போய், 1227ல் ஜப்பான் திரும்பியவர். ஊர் திரும்பியதும் அவர் எழுதிய முதல் விஷயங்களில் ஒன்று, எப்படி உட்காருவது என்பது. காது தோளுக்கு நேராக, மூக்கு தொப்புளுக்கு நேராக இருக்கட்டும் என்கிறார். நான் கூடச் சேர்ப்பது: உச்சந்தலையை யாரோ ஒரு நூலால் மேலே இழுப்பது போல நினைத்துக்கொண்டு தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள். வாயை மூடி, நாக்கின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வையுங்கள். ஆரம்பிக்கும் முன் உடம்பைப் பெண்டுலம் போல இடமும் வலமும் ஆட்டி, ஆட்டத்தை மெல்லக் குறைத்து நடுவில் நிறுத்துங்கள். நேர் எது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

கண் பாதி திறந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பார்வை சும்மா விழட்டும், எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம். மூடினால் தூக்கமோ கனவோ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி கை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வலது கையை மல்லாத்தி மடியில் வையுங்கள். அதன்மேல் இடது கையை மல்லாத்தி வையுங்கள். இரண்டு கட்டை விரல்களின் நுனியும் லேசாகத் தொட்டுக்கொள்ளட்டும், நடுவில் ஒரு தாளை வைத்தால் கீழே விழாத அளவுக்கு, கசங்காத அளவுக்கு. கைகளுக்கு நடுவில் ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். இந்த முட்டையை அவ்வப்போது கவனித்துப் பாருங்கள். தூக்கம் தட்டும்போது கட்டை விரல்கள் சரிந்து உள்ளங்கையில் விழுந்திருக்கும். கோபமான நினைப்பில் போய்விட்டால் ஒன்றை ஒன்று அழுத்திக் கூரை போல மேலே எழும்பியிருக்கும். கனவில் மிதந்தால் பிரிந்து தனித்தனியாக நிற்கும். மனம் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. விரலைத் திரும்பச் சேர்த்தால் மனமும் கூடவே வருகிறது. உடம்பு வேறு மனம் வேறு இல்லை என்று ஜென் ஆசிரியர்கள் சொல்வதை நான் முதலில் புரிந்துகொண்டது இந்த இரண்டு விரல் நுனிகளில்தான்.

மூச்சை எப்படி விட வேண்டும்?

ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை வாயால் நீளமாக வெளியே விடுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மூக்கால் இயல்பாக. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை.

புதியவர்களுக்குத் தருவது எண்ணும் பயிற்சி. மூச்சு வெளியே போகும்போது மனதுக்குள் ‘ஒன்று’. அடுத்தது ‘இரண்டு’. பத்து வரை போய், மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். நடுவில் தவறினால், எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுக்கே திரும்பி வர வேண்டும். பத்தைத் தாண்டி பதினேழு, இருபத்து மூன்று என்று போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பீர்கள்; எண்ணுவது பழகிப்போய்த் தானாக ஓடுகிறது, நீங்கள் அங்கே இல்லை என்று அர்த்தம். மறுபடி ஒன்று.

உட்கார்ந்தால் எண்ணங்கள் இன்னும் அதிகமாகின்றன. எனக்கு இது வராதோ?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. பாதிப் பேர் முயற்சியைக் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நிறுத்தியதும் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்கும். கடிகாரம் அப்போதுதான் ஓட ஆரம்பித்ததா? நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த எண்ணங்கள்தான் இவை. நீங்கள் சும்மா உட்கார்ந்ததால் காதில் விழுகின்றன.

நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ‘மூன்று’ என்று எண்ணும்போது நேற்று ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வருகிறது. அவருக்கு மனதுக்குள் ஒரு பதில் சொல்கிறீர்கள். அவர் திருப்பிச் சொல்கிறார். அதைவிடக் கூர்மையான பதில் ஒன்று கிடைக்கிறது, தாடை இறுகுகிறது. அந்த அறையில் நீங்களும் இல்லை, அவரும் இல்லை. வாதம் மட்டும் நடக்கிறது. திடீரென்று, ‘அட, எண்ணிக்கொண்டிருந்தேனே!’

இந்த ‘அட’ இருக்கிறதே, அதைப் பாருங்கள். அதை நீங்கள் வரவழைக்கவில்லை. தொலைந்துபோனவர் எப்படித் தன்னைத் தானே கூப்பிட முடியும்? அது தானாக வந்தது. விழிப்பு என்று பெரிய பெரிய சொற்களில் சொல்கிறார்களே, அதன் சிறிய வடிவம் அது. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த நொடியைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘மறுபடி போய்விட்டேன், எனக்கு ஒருமுகமே வராது’ என்று தங்களைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். அந்தத் திட்டும் இன்னொரு எண்ணம்தான். அதற்கும் ஒரு மூச்சு செலவாகிறது. திட்டாமல், வாதத்தை முடித்து வைக்காமல், அப்படியே விட்டுவிட்டு ‘ஒன்று’ என்று ஆரம்பியுங்கள்.

பத்து நிமிடத்தில் நாற்பது முறை தொலைந்து நாற்பது முறை திரும்பினால், நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். திரும்பி வருவதற்காகத்தான் உட்காருகிறோம். வருடக்கணக்காக உட்கார்ந்த பிறகும் எனக்கு எண்ணங்கள் வராமல் இல்லை. ஆனால் திட்டுவது நின்றது, அதன் பிறகு மனம் கொஞ்சம் அன்பாகத் திரும்புகிறது.

சீனக் குரு யாவ்ஷான் பற்றி ஒரு பழைய உரையாடல் உண்டு. அசையாமல் உட்கார்ந்திருந்த அவரிடம் ஒரு துறவி, எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். நினைக்காமல் இருப்பதை நினைக்கிறேன் என்றார் குரு. அதை எப்படி நினைப்பது? நினைப்பைக் கடந்து, என்றார். டோகென் தன் குறிப்பில் இதையே எடுத்துக்கொண்டு, இதுதான் ஜாஜெனின் சாரம் என்கிறார். எண்ணத்தைத் துரத்துவதுமில்லை, பின்னால் ஓடுவதுமில்லை என்ற அளவில் இப்போதைக்குப் புரிந்துகொண்டால் போதும்.

எவ்வளவு நேரம், எப்போது?

முதல் மாதம் பத்து நிமிடம். தினமும். மடங்களில் ஒரு ஊதுபத்தி எரிந்து முடியும் நேரத்தை ஒரு அமர்வு என்று கணக்கு வைப்பார்கள். அது சுமார் நாற்பது நிமிடம் வரும். அங்கே போய்ச் சேர அவசரம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் உட்காருவதை விடத் தினமும் பத்து நிமிடம் எவ்வளவோ மேல்.

காலையில் எழுந்து முகம் கழுவியதும், கைபேசியைத் தொடும் முன் உட்காருவது நல்லது. சாப்பிட்ட உடனே வேண்டாம். மணி பார்த்துக்கொண்டே உட்காராமல் அலாரம் வைத்துவிட்டு, கைபேசியைக் கை எட்டாத இடத்தில் குப்புற வையுங்கள்.

தூக்கம் வருகிறதே?

இரவு போதுமான அளவு தூங்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். தூக்கக் கடன் இருக்கிறவர் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், அதில் தவறில்லை. மற்றபடி கண்ணைக் கொஞ்சம் அகலத் திறங்கள், முதுகை நிமிர்த்துங்கள், கட்டை விரல்களைப் பாருங்கள்.

படங்களில் குருவானவர் தடியால் அடிக்கிறாரே?

அந்தத் தட்டையான மரப் பலகைக்குக் ‘கியோசாக்கு’ என்று பெயர். ஜென்னின் இன்னொரு பெரிய பிரிவான ரின்சாய் மரபில் ‘கெய்சாக்கு’ என்பார்கள். தோளின் சதைப்பகுதியில் தட்டுவார்கள். மரத்துப்போன தோள் இளகும், தூக்கம் போகும். பல இடங்களில் கைகூப்பிக் கேட்பவருக்கு மட்டும்தான் தட்டுவார்கள். சில குழுக்களில் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

சுவரைப் பார்த்து உட்கார வேண்டுமா?

சோட்டோ மரபில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். ரின்சாய் மரபில் அறையின் நடுவைப் பார்த்து, எதிரெதிராக. வீட்டில் எனக்குச் சுவர்தான் வசதி; கண்ணுக்கு வேலை குறைவு.

கோவான் என்கிறார்களே, அதை எப்படித் தீர்ப்பது?

கோவான் என்பது பழைய குருமார்களின் ஒரு பேச்சு அல்லது ஒரு செயல். அதைத் தியானத்தில் சுமந்துகொண்டு இருப்பது ரின்சாய் வழி. புகழ்பெற்றது ஒன்று: நாய்க்குப் புத்த இயல்பு, அதாவது புத்தராகும் தன்மை, உண்டா என்று ஒரு துறவி சீனக் குரு சாவ்சோவிடம் கேட்டார், ஜப்பானியர் இவரை ஜோஷு என்பார்கள். அவர் சொன்ன பதில் ‘வு’. ஜப்பானிய உச்சரிப்பில் ‘மு’. இல்லை என்று பொருள். 1228ல் சீனாவில் வூமென் என்ற குரு தொகுத்த 48 கோவான்களில் முதலாவது இது. ஒரு கை எழுப்பும் ஓசை என்ன என்பது ஜப்பானிய ரின்சாய் குரு ஹகுயின் (1686–1769) கேட்டது.

விடுகதை மாதிரி மூளையால் இதற்கு விடை கண்டுபிடிக்க முயலாதீர்கள். கோவான் பயிற்சி என்பது ஆசிரியரை நேருக்கு நேர் தனியாகச் சந்தித்து, நீங்கள் கொண்டுபோனதை அவர் பார்த்து, திருப்பி அனுப்பி, மறுபடி உட்காருவது. ஆசிரியர் இல்லாமல் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வருடத்துக்கு மூச்சு எண்ணுவதே நிறைய.

ஒளி தெரிகிறது, உடம்பு மிதப்பது போல இருக்கிறது. நல்ல அறிகுறியா?

ஜென்னில் இதற்கு ‘மக்யோ’ என்று பெயர். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நினைப்பு வந்தால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: விட்டுவிட்டு மூச்சுக்கு வாருங்கள்.

அப்படியானால் என்னதான் கிடைக்கும்? ஞானம் வருமா?

மன அமைதி, நல்ல தூக்கம், கோபம் குறைவது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் சிலது நடந்தது. ஆனால் ‘இன்று எவ்வளவு அமைதி கிடைத்தது’ என்று அளக்க ஆரம்பித்த நாட்கள்தான் எனக்கு மிகவும் அமைதியில்லாத நாட்கள். விதை போட்டவர் தினமும் மண்ணைத் தோண்டி வேர் விட்டதா என்று பார்த்தால் செடி என்னாகும்?

டோகென் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பயிற்சி ஒரு பக்கம், அதன் பலனாக ஞானம் இன்னொரு பக்கம் என்று இரண்டு இல்லை. உட்காருவதே விழிப்பு என்கிறார். சோட்டோ மரபில் எண்ணுவதையும் விட்டுவிட்டு வெறுமனே உட்காரும் ‘ஷிகான்தாசா’ இந்தப் புரிதலிலிருந்து வருவது. புதியவர்களுக்கு இது வெறும் வாசகமாகத் தெரியலாம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம்ப வேண்டியதில்லை. ஒரு நாள், எந்தக் காரணமும் இல்லாமல், எதற்கும் காத்திருக்காமல் ஒரு மூச்சு வெளியே போகும். அப்போது இந்த வாசகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பௌத்தன் இல்லை. உட்காரலாமா?

உட்காரலாம். ஹூகோ எனோமியா லசால் (1898–1990) என்ற ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார், கடைசி வரை பாதிரியாராகவே இருந்துகொண்டு ஜப்பானில் ஜென் பயின்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஆனால் இது எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல், மரியாதையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கட்டாயமா?

தொடங்குவதற்கு இல்லை. தொடர்வதற்கு ஒருவர் இருப்பது நல்லது, குறைந்தது சேர்ந்து உட்கார ஒரு சிறு குழுவாவது. முதுகு கோணியிருப்பது நமக்கே தெரியாது. பார்க்கிற ஒருவர் ஒரு விரலால் தொட்டுச் சரிசெய்வது பத்துப் பக்கம் படிப்பதற்குச் சமம். ஆசிரியர் யாரிடம் பயின்றார் என்று தயங்காமல் கேளுங்கள். பணத்துக்கு நெருக்குகிறவர், கேள்வி கேட்டால் கோபப்படுகிறவர், உடல்ரீதியாக எல்லை மீறுகிறவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்து, ஏழு நாட்கள் நடக்கும் ‘செஷின்’ என்ற தீவிரப் பயிற்சிக்கு உடனே போக வேண்டாம். ஒரு நாள் அமர்வில் உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கடுமையான மனச்சோர்வு, பழைய அதிர்ச்சியின் பாதிப்பு, இல்லாதது கேட்பது தெரிவது போன்ற சிரமம் உள்ளவர்கள் தனியாகத் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள். மௌனத்தில் சிலருக்கு நிலைமை கடுமையாகலாம். உட்காரும்போது பயமோ பதற்றமோ ஏறிக்கொண்டே போனால், கண்ணை நன்றாகத் திறந்து எழுந்து நடங்கள். நிறுத்துவதில் எந்தக் குறையும் இல்லை.

பத்து நாள் விட்டுப்போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

எப்போதுமே ஒன்றிலிருந்துதானே ஆரம்பிக்கிறோம். விட்டுப்போன நாட்களுக்கு ஈடுகட்ட ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். இன்றைக்குப் பத்து நிமிடம் போதும்.

முடிந்ததும் அப்படியே எழுந்துவிடலாமா?

மெல்ல. அலாரம் அடித்ததும் முதலில் கைகளை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்து, உடம்பை இடமும் வலமும் ஆட்டுங்கள், இப்போது சின்ன ஆட்டத்திலிருந்து பெரிய ஆட்டத்துக்கு. கால் மரத்திருந்தால் உணர்வு வரும் வரை நீட்டி வையுங்கள். மரத்த காலில் எழுந்து நின்றால் கணுக்கால் பிசகிவிடும். நேரம் இருந்தால் கொஞ்சம் நடக்கலாம். ‘கின்ஹின்’ என்ற அந்த நடையில், இடது கையை முஷ்டியாக மடக்கி மார்பில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டு, சோட்டோ வழக்கப்படி ஒரு மூச்சுக்கு அரை அடி எடுத்து வைப்பார்கள்.

எழுந்த பிறகு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்த மெத்தை அமுங்கிக் கிடக்கும். மடங்களில் அதை இரண்டு கையாலும் ஓரங்களில் அழுத்தி, சுற்றிக்கொண்டே வந்து, பழைய உருண்டை வடிவத்துக்குக் கொண்டு வந்து வைப்பார்கள். பிறகு அதற்கு ஒரு வணக்கம். போர்வை என்றால் உதறி மடித்து, நாளைக் காலை கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.